உணர்ச்சி திரும்பாத இடம்

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்குகிறவன் காளிராஜ். ஆமத்தூர்க்காரன், கல்யாணம் ஆகாதவன். வேலை முடிந்ததும் ஆண்கள் எல்லோரும் தொட்டியடியில் சட்டையைக் கழற்றிப்போட்டுக் குளித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். அலுமினியப் பொடி உடம்பெல்லாம் வெள்ளி பூசியிருக்கும். காளிராஜ் மட்டும் பனியனோடு குளிப்பான். மீசை அரும்பிய வயதில் பெண்பிள்ளைக்குப் போலத் திரண்ட மார்பு, மீசை அடர்ந்த பிறகும் வற்றவில்லை. யாரும் பெரிதாகக் கேலி செய்துவிடவில்லை. செய்வார்கள் என்று அவனே தினமும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தான். அதுவே போதுமாக இருந்தது.

மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டு வந்தான். கம்பெனியில் குடல்வால் ஆபரேசன் என்று சொல்லிவைத்தான்.

கட்டுப் பிரித்தபோது கண்ணாடியில் வேறு யாருடைய உடம்போ தெரிந்தது. தட்டைதான். ஆனால் கருநீலமாகக் கன்றியிருந்தது. பிறகு ஓரங்களில் மஞ்சள் ஓடியது. காம்பின் கீழ் விளிம்பில் பிறை போலத் தையல் தழும்பு. தளர்ந்த தோலில் சுருக்கம், அதற்கடியில் கல் போல ஏதோ இறுகிக் கிடந்தது. அழுத்திப் பார்த்தால் விரலுக்குத்தான் தெரிந்தது, நெஞ்சுக்குத் தெரியவில்லை.

"தோல் ஒட்டிப் பிடிக்கணும். குளிக்கிற நேரம் தவிர இறுக்குற பனியனைக் கழட்டாதீங்க" என்றார் டாக்டர். "மரத்தது மாசக்கணக்குல மெதுவாத் திரும்பும். சில இடத்துல திரும்பாமலும் போகலாம்."

தீபாவளி சீசன். ஓய்வு முடிந்ததும், பருத்திச் சட்டைக்குள் அந்த இறுக்குகிற நைலான் பனியனோடு வேலைக்குப் போனான். நைலான் உரசினால் பொறி பறக்கும், மருந்து அறைக்குள் பருத்தி தவிர எதுவும் நுழையக்கூடாது என்பது அவனுக்குத் தெரியாததல்ல. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவனே அவன்தான். ஆனால் காலையில் கொக்கிகளை மாட்டும்போது அது அவனுக்குத் துணியாகத் தோன்றவில்லை. தோலின் மேல் இன்னொரு தோலாகத்தான் இருந்தது.

அறை வாசலில், உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தான். ஃபோர்மேன் சீனிச்சாமி வழக்கம்போல் துணியைச் சோதிக்கத் தோளைத் தடவிப் பார்த்தார். கையை எடுக்கவில்லை.

"உள்ள என்னலே?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

"வளுவளுங்குது. களட்டு சட்டைய."

கழற்றினான்.

"நைலானு! ஏலே, உள்ள மூணு பேரு மருந்து சலிச்சுக்கிட்டு இருக்கான். அவன் பொண்டாட்டி பிள்ளைககிட்ட நீயா போயி பதில் சொல்லுவ? அதையும் களட்டுலே."

கொக்கி கொக்கியாக விடுவித்தான். பின்னால் நின்ற இன்பராஜ் எட்டிப் பார்த்தான்.

"குடல்வாலுன்ன? அம்புட்டு உசரத்துலயா இருந்துச்சு ஒனக்கு?"

யாரோ சிரித்தார்கள். இத்தனை வருசமாகப் பயந்த சிரிப்பு. வெட்கம் வரும் என்று காளிராஜ் காத்து நின்றான். வரவில்லை.

"மாரு பெருசா இருந்துச்சு. எடுத்துட்டேன்" என்றான், லோடு ஏறியாச்சு என்று சொல்கிற குரலில்.

சிரிப்பு நின்றது. இன்பராஜ்தான் வாய் திறந்தான். "அதுக்கா பனியனோட குளிச்ச? ஒனக்கு ஒடம்புல படை, சொறின்னுல்லலே நாங்க நெனச்சோம்."

சீனிச்சாமி தழும்பைப் பார்த்தார். "வலிக்குதா?"

"தெரியல அண்ணாச்சி."

"அதை மாட்டிக்கிட்டு, குளாய் உருட்டுற ஷெட்டுக்குப் போ. அங்கன வெறும் காகிதமும் பசையுந்தான். நல்லா ஆறினப்புறம் இங்கன வா."

சாயங்காலம் தொட்டியடியில் சட்டையையும் பனியனையும் கழற்றி வைத்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்பராஜ் சோப்பு கேட்டான், கொடுத்தான். இதற்காகத்தான் உடம்பில் கத்தி வைத்துக்கொண்டது என்பது நினைவுக்கு வந்தது.

ஒரு செம்பு மொண்டு நெஞ்சில் ஊற்றினான். தண்ணீர் வயிற்றுக்கு இறங்கிய பிறகுதான் குளிர்ந்தது. இன்னொரு செம்பு மொண்டு, அதே இடத்தில் ஊற்றினான்.