மஞ்சள் கட்டை

அங்கன்வாடிகளுக்குப் போய்ப் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பதிவு செய்வது என் வேலை. இன்று மைசூர் அக்ரஹாரத்தில் டீச்சர் வண்ண மரக்கட்டைகளைத் தரையில் கொட்டினார். அந்தச் சத்தத்தில் எனக்கு மறுபடியும் ஆறு வயதாகிவிட்டது.

அன்று கட்டைகளுக்கு முன்னால் என் தங்கை கலா. மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அவளுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்.

"ஹளதி யாவ்து? தோர்சு," என்று கன்னடத்தில் கேட்டார் அங்கன்வாடி மிஸ்.

மஞ்சளைக் காட்டச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. கலா என்னைப் பார்த்தாள். யாரும் சொல்லித் தரக்கூடாது என்று மிஸ் சொல்லியிருந்தார். நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். மிஸ் நோட்டில் பெருக்கல் குறி போட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் கலா வேலியோரம் ஒரு பூவைப் பறித்து நீட்டினாள். "அக்கா, மஞ்சப் பூ."

"இவளுக்கு ஒண்ணும் ஏறாதாம்," என்று அம்மா மறுநாள் அவளை வேலையிடத்துக்குக் கூட்டிப்போனாள். கலா அப்புறம் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை.

இன்றும் டீச்சர் 'ஹளதி' எது என்று கேட்டதும் ஒரு தமிழ்க் குழந்தை என்னைப் பார்த்தது.

"மஞ்சக் கட்டை எது கண்ணு?" என்றேன். சட்டென்று எடுத்துக் கொடுத்தது. 'தெரியும்' என்று டேப்லெட்டில் அழுத்தி, பெயரை அடித்தேன்.

டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"கலா யாரு மேடம்?"