பாய்மரப் படகில் ஒரு கொஸ்லந்தக்காரி

அடுத்தவர் வீட்டு அடுப்பில் வேகிற அக்கா தங்கச்சிமாரே, நீங்கள் கறி கிளறிக்கொண்டிருக்கும்போது அடுப்பு என்றைக்காவது உங்களை விட்டு ஒரு முழம் தள்ளிப் போயிருக்கிறதா? என்னுடையது போயிருக்கிறது. படகில் சமைக்கிற வேலை அப்படித்தான். உப்பு, புளி பார்ப்பதற்கு முன்னால் நம் கால் எங்கே நிற்கிறது என்று பார்க்கணும்.

நான் கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரி. ஐந்து வருஷம் கொழுந்து பறித்தேன். அப்புறம் பெரகல சந்தியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இரண்டு வருஷம் சமைத்தேன். கடை முதலாளியின் மச்சான் நவ்ஷாத் நானா, பதுளை பசாரில் துணி வெட்டிக்கொண்டிருந்த மனுஷன், அதை விட்டுவிட்டு ஒரு பாய்மரப் படகு வாங்கினார். வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு கடலோரமாகச் சுற்றிக் காட்டுகிறார். படகுக்கு ஒரு சமையல்காரி வேண்டும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். அதுவரை கடலை நேரில் பார்த்ததில்லை.

பேச்சு இதுதான். படகு தெற்கே காலி ஊர்த் துறைமுகத்தில் நிற்கிற பதினோரு நாளும் எனக்குப் பரீட்சை. தேறினால் திருகோணமலைக்குக் கூட்டிப்போவார், ஆவணி வரைக்கும் வேலை. தேறாவிட்டால் ஊருக்கு பஸ். பெரகல கடையில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று, அதனால் திரும்பிப் போனால் மறுபடியும் கொழுந்துக் கூடைதான். ஆறு வயது மகள் கயலைப் புருஷன் சிவாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். தோற்றுத் திரும்புகிற உத்தேசமே எனக்கு இல்லை.

பெரட்டு

முதல் நாள் ஐந்து மணிக்கே முழிப்பு. தோட்டத்தில் வேலைக்கு இறங்குவதற்கு முன்னால் எல்லாரும் வரிசையில் நிற்க, கங்காணி பேர் கூப்பிடுவார். அதற்குப் பெரட்டு என்று பேர். பழக்கதோஷம், முகம் கழுவிக் கொண்டை போட்டு, மேல்தட்டில் போய் நேராக நின்றேன். எதிரே கோட்டை மதில், அதன் மேல் வெள்ளையாக, கப்பலுக்கு வழி காட்டுகிற வெளிச்சவீடு. அதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரமும் நிற்கலாம் போலிருந்தது. தொழுதுவிட்டு வந்த நானா, என்ன இங்கே நிற்கிறீங்க என்று கேட்டார். பேர் கூப்பிடுவீங்கன்னு நிற்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "வேலைக்காரங்க ரெண்டே பேருதான் தங்கச்சி. நான் இருக்கேன், நீங்களும் இருக்கீங்க. பெரட்டு முடிஞ்சிச்சு, தேத்தண்ணி போடுங்க."

ஓடுற தண்ணி

தோட்டத்தில் நம்ம லயத்து வீடுகளுக்குப் பொதுவான பீலிக் குழாயில் மலைத்தண்ணி ராவும் பகலும் ஓடும். அதை மூடுவதற்கு ஒன்றுமே கிடையாது. அதனால் குழாயை மூடுகிற பழக்கம் என் கைக்கு இல்லை. படகிலோ தண்ணீர் ஒரு தொட்டியில் அளவாகத்தான் இருக்கும். மூன்று நாளைக்கு அதுதான், சமைக்கவும் குளிக்கவும்.

இரண்டாம் நாள் குழாயைத் திறந்துவிட்டு அரிசி கழுவினேன், கீரை அலசினேன், சட்டி தேய்த்தேன். குழாய் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால்தானே நமக்கு வேலை செய்கிற மாதிரி இருக்கும். பதினொரு மணிக்குக் குளியலறைக் கதவு திறந்தது. எங்கள் விருந்தாளி, வயசான வெள்ளைக்காரர், தலை நிறைய சோப்பு நுரையோடு துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணைத் திறக்க முடியவில்லை அவருக்கு. குடிக்க வைத்திருந்த தண்ணீர்ப் போத்தல்களை அவர் தலையில் ஊற்றிவிட்டு நானா என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, இது கொஸ்லந்த மலையில்லை. இன்னொரு தடவை தொட்டி காலியாச்சுன்னா, பதினோரு நாள் வரைக்கும் நான் காத்திருக்க மாட்டேன்."

ஒல்லாந்தர் காலத்துப் பெண்

நாலாம் நாள் சாமான் வாங்க என்னைக் கரைக்கு அனுப்பினார். காலிக் கோட்டைக்குள் நடந்ததை என்னவென்று சொல்வேன். குட்டித் தெருக்கள், ஆள் உயரத்துக்கும் மேலே மரக்கதவுகள், அந்தக் காலத்து டச்சுக்காரர்கள், நம்ம பேச்சில் ஒல்லாந்தர், கட்டின வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் நின்று வாய் பார்த்ததில் நேரம் போய்விட்டது. அரிசி, தேங்காய், மரக்கறி எல்லாம் சேர்ந்து ஒரு மூட்டை. கையில் தூக்கினால் மூன்று நடை ஆகும். கயிறு வாங்கி மூட்டையைக் கட்டி, கொழுந்துக் கூடை மாதிரி முதுகில் போட்டு, கயிற்றைத் தலையில் மாட்டினேன். இரண்டு கையும் சும்மா. ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தின்றுகொண்டே மதிலோரமாக வந்தேன்.

எதிரே ஒரு வழிகாட்டி, பின்னால் இருபது வெளிநாட்டுக்காரர்கள். என்னைக் காட்டி அவர் இங்கிலீஷில் ஏதோ நீட்டி முழக்கினார். எல்லாரும் படம் எடுத்தார்கள். 'டச்சு, டச்சு' என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. மூட்டைக்குள் இருப்பது ஒல்லாந்தர் சரக்கில்லை, கத்தரிக்காய் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். கூட்டம் நகர்ந்ததும் அவர் மெதுவாக என் பக்கத்தில் வந்து சிங்களத்தில் கேட்டார்: "அக்கா, நாளைக்கும் இதே நேரத்துக்கு வருவீங்களா? ஐஸ்கிரீம் மட்டும் வேணாம்."

ஆடுற அடுப்பு

படகு அடுப்பு தரையில் உட்கார்ந்திருக்காது. ஊஞ்சல் மாதிரி இரண்டு பக்கமும் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ஏழாம் நாள் ஒரு பெரிய மீன்பிடிப் படகு பக்கத்தில் போக, அலை அடித்தது. பருப்புச் சட்டியோடு அடுப்பு ஒரு பக்கம் போவதைப் பார்த்தேன். ஐயோ விழப்போகுதே என்று இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தேன். பிடித்த அந்த நொடியில்தான் சட்டி கவிழ்ந்தது. பருப்பு என் காலடியில், மத்தியானச் சாப்பாடு போச்சு. இரண்டாவது தப்பு. பஸ் டிக்கட் கண்ணுக்குள் வந்தது. ஓடிவந்த நானா தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடுப்பை விட்டிருங்க தங்கச்சி. அது நேராத்தான் நிக்கிது. சாஞ்சி நிக்கிறது நீங்கதான்."

பெரகல வளைவு

பத்தாம் நாள் படகு துறைமுகத்தை விட்டு வெளிக்கடலுக்குப் போனது. இதுதான் உண்மையான பரீட்சை என்று எனக்குத் தெரியும். பாய் விரிந்ததும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து பாய்ந்தது பாருங்கள், என் வயிற்றுக்குள் தேர்த்திருவிழா மாதிரி ஒரு சந்தோஷம். வெள்ளைக்காரருக்கும் அவர் சம்சாரத்துக்கும் அப்படியில்லை. பத்து நிமிஷத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

நான் கீழே போனேன். மழையில் வழுக்குகிற மலைச் சரிவில் கூடையோடு நின்ற கால்தானே, தானாகவே சாய்வுக்குத் தக்கபடி நின்றது. இந்தத் தடவை அடுப்பை நான் தொடவில்லை. அது அதன் பாட்டுக்கு ஆடியது, நான் என் பாட்டுக்கு ஆடினேன். இஞ்சி தட்டிப்போட்டுப் பால் விடாத பிளேன்ரீயும் ரொட்டியும் மேலே கொண்டுவந்தேன், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அந்த அம்மா வாளியிலிருந்து தலையைத் தூக்கி, என்னைக் கையால் காட்டி, இவளுக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்கிற மாதிரி நானாவிடம் கேட்டார். சுக்கானை விடாமல் அவர் இங்கிலீஷில் ஒரு பதில் சொன்னார். என்ன சொன்னீங்க என்றதற்கு, எனக்காகத் தமிழில் திருப்பிச் சொன்னார்: "கொஸ்லந்தயில இருந்து பெரகலைக்கு அந்த வளைவு ரோட்டுல பஸ்ல நின்னுக்கிட்டே வர்ற ஆளு, ஒரு கை கம்பியில, ஒரு கை புள்ளையில, இதெல்லாம் அவங்களுக்குத் தாலாட்டுன்னு சொன்னேன். திருகோணமலை போய்ச் சேர்ற வரைக்கும் உங்க பேக்கை இறக்காதீங்க."

சம்மதம்

கரைக்கு வந்ததும் முதல் வேலையாக சிவாவுக்கு போன் போட்டேன். தேறிட்டேன் என்று கத்தியதில் பக்கத்துப் படகுக்காரன் எட்டிப் பார்த்தான். நாலு மாசம் ஆகும், நீ என்ன சொல்ற என்றேன். அந்தப் பக்கம் 'ஆ, இழுக்காதப்பா' என்று கயல் சிணுங்குவது மட்டும் கேட்டது.

இப்படியாக, கடலும் காற்றும் நானாவும் சம்மதித்த வேலைக்கு, கயலைத் தினமும் பள்ளிக்கூட மணி அடித்த பிறகே கொண்டுபோய் விடுகிற என் புருஷன் மட்டும் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "போயிட்டு வா கலா, சமையல், துணி எல்லாம் நான் பாத்துக்கிறேன், பள்ளிக்கூடத்துல கேக்கிற இந்த ரெட்டைப் பின்னல்தான் எவ்வளவு பழகியும் என் கைக்கு வரமாட்டேங்குது, முடியை வெட்டிக்கச் சொல்லி நீயே கயல்கிட்ட பேசிச் சம்மதம் வாங்கிக் குடு."