விருப்பமா என்று கேட்ட சின்னம்மா

நீல விளிம்பு வைத்த, எனாமல் பூசிய அந்த மங்குத் தட்டு இப்போது என் சமையலறையில் இருக்கிறது. விளிம்பில் இரண்டு இடத்தில் பூச்சு உதிர்ந்து கறுத்துவிட்டது. என் சின்னம்மா, அம்மாவின் தங்கை, வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "சாப்பிட விருப்பமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்பாள். நம் வீடுகளில் இது பெருங்குற்றம். வந்தவரை உட்காரவைத்து, "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று திணிப்பதுதான் மரியாதை. வேண்டுமா என்று கேட்பவள் கஞ்சப்பிசினாறி. ஜோகூர் பாருவில் இருந்த உறவு முழுக்க அவளுக்கு அந்தப் பட்டத்தைக் கட்டியிருந்தது. அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. எத்தனை பாடுபட்டு அந்த ஒரு கேள்வியைக் கற்றாள் என்பது எனக்குத் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்தது இது. ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணவனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கணவனின் அண்ணன் அங்கே கங்காணி. திரும்பிப் போனால் பகலில் அவர் கணக்கில் பால் மரம் வெட்ட வேண்டும். மற்ற நேரமெல்லாம் அவர் வீட்டுக்கு உழைக்க வேண்டும். "செத்தாலும் அந்த லயத்துக்குப் போகமாட்டேன்" என்றாள். அப்பா அலைந்து திரிந்து, மணிலாவிலிருந்து வந்த பேண்டு வாத்தியக்காரர் ஒருவர் வீட்டில் வேலை பிடித்துக் கொடுத்தார். அவருக்கு மலாய் வரும். அவர் மனைவிக்கோ ஸ்பானிய மொழி மட்டும்தான். எங்கள் வாயில் அந்த அம்மாள் 'செனோரா' ஆனார்.

வாத்தியக்காரரிடம் மலாய்ச் சொல்லைச் சொல்லி ஸ்பானியச் சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டாள் சின்னம்மா. சாப்பிட என்றால் கொமேர், தூங்க என்றால் தோர்மீர், போக என்றால் ஈர். மலாயில் 'மாக்கான்' என்ற ஒரே சொல் எல்லார் சாப்பாட்டுக்கும் போதும் அல்லவா, இதுவும் அப்படித்தான் என்று நினைத்தாள். செனோரா கோழி கொத்துவதைப் போலச் சாப்பிடுகிறவர். சின்னம்மாவால் அதைப் பொறுக்க முடியவில்லை. இந்தத் தட்டில் சோற்றைக் குவித்து, "கொமேர்! கொமேர்!" என்று நம் வழக்கப்படி அன்போடு வற்புறுத்துவாள். அவருக்குக் கண் சொருகினால் "தோர்மீர்!" சில நாளில் செனோரா, புது வேலைக்காரி தன்னை அதட்டி ஏவுகிறாள் என்று கணவரிடம் அழுதுவிட்டார். வாத்தியக்காரர் சின்னம்மாவைக் கூப்பிட்டு, ஏவாதே, கேள் என்று மலாயில் சொன்னார். மாற்றிக்கொள்ளாவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகவும் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்தவள் கொதித்துப்போயிருந்தாள். "வேணுமான்னு கேக்குறதா? கேட்டா எந்த மனுசி வேணும்னு சொல்லுவா? நம்மள என்னன்னு நெனைப்பாங்க?" என்று அம்மாவிடம் பொருமினாள். வேலை போனால் ரெங்கம்தான் என்று அம்மா சொன்னதும் வாயை மூடிக்கொண்டாள். மறுநாளிலிருந்து துணி துவைக்கும்போதும் அம்மியில் அரைக்கும்போதும் முணுமுணுப்புத்தான். செனோரா வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் பிடித்துவைத்துக்கொண்டாள். கியெரோ என்றால் எனக்கு விருப்பம், கியெரே என்றால் உங்களுக்கு விருப்பம். பின்னால் வரும் கொமேர் மட்டும் யாருக்காகவும் மாறுவதில்லை. "ஆசதான்டி ஆளுக்கு ஆள் மாறுது, வேல அப்படியே நிக்குது. நம்ம 'சாப்பிட' மாதிரி. எனக்கும் சாப்பிட, அவங்களுக்கும் சாப்பிட" என்று எனக்கு விளக்கினாள். முதல் தடவை "கியெரே கொமேர்?" என்று கேட்டபோது கூச்சத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டதாம். செனோரா சிரித்து, விருப்பம் என்றாராம்.

ஆனாலும் அவளைக் கூட்டிப்போகக் கங்காணி வந்தார். சண்டை எதற்கு என்று அப்பா அரைமனதாகத் தலையாட்டிவிட்டார். பள்ளி விடுமுறையில் நான் சின்னம்மாவோடு செனோரா வீட்டுக்குப் போயிருந்த நாள் அது. வாசலில் நின்று, இவள் எங்கள் வீட்டுப் பெண், அனுப்பிவிடுங்கள் என்று கங்காணி வாத்தியக்காரரிடம் மலாயில் சொன்னார்; அவர் அதை மனைவிக்கு ஸ்பானியத்தில் சொன்னார். பிறகு சின்னம்மாவைப் பார்த்து, "மூட்டயக் கட்டு. கெளம்பு" என்றார். அவள் கை தானாகவே ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டது. போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். செனோரா கங்காணியையும் சின்னம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார்: "கியெரெஸ் ஈர்?"

போக உனக்கு விருப்பமா? கல்யாணத்தின்போதும் கப்பல் ஏறியபோதும் பால்வாளியைக் கையில் கொடுத்தபோதும் யாரும் அவளிடம் கேட்டதில்லை. சின்னம்மா நிமிர்ந்து, "நோ கியெரோ ஈர். கியெரோ கெதார்மே" என்றாள். "என்னடி ஒளர்ற?" என்றார் கங்காணி. "வர எனக்கு விருப்பமில்லைங்க மாமா. இங்கதான் இருக்கப்போறேன். நீங்க போயிட்டு வாங்க." செனோரா கதவைச் சாத்தினார்.

மணிலாவுக்குத் திரும்பும்போது செனோரா கொடுத்த தட்டு இது. சின்னம்மா போய்ச் சேர்ந்து சில வருடமாகிறது. இந்த வாரம் என் மகளுக்கு நல்ல இடம் ஒன்று வந்தது. கூடத்தில் என் கணவரும் உறவுக்காரர்களும் நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "பலகாரம் எடுத்துட்டு வா" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. இந்தத் தட்டைக் கையில் எடுத்தேன். எடுத்தபிறகு கூடத்துக்குப் போக என்னால் முடியவில்லை.

"கட்டிக்க ஒனக்கு விருப்பமாம்மா?" என்று கேட்டேன். அவள் துருவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கூடத்தில் மறுபடியும் கூப்பிட்டார்கள். தட்டைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்காக நின்றேன்.