புளிச்சோறும் ஆறுமணிக் குருவியும்

எங்கே போய் வருகிறது என்று அறியப் பறவைக்குக் காலில் எண் வளையம் மாட்டி அனுப்புகிற வேலையில் பறவையின் கொத்தலைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், வேடிக்கை பார்க்க வருகிறவர்களின் கேள்வியைத்தான் தாங்க முடியாது. விடியுமுன் எழுந்து, வீட்டாருக்கே விளங்காத வேலை பார்க்கிற என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வீட்டில் தெரியுமா?

ஐப்பசியில் ஒரு நாள். முக்கூடல் பக்கம் குளத்தங்கரைத் தோப்பில் நானும் பாளையங்கோட்டை ஜெபா டீச்சரும் வலை கட்டியிருந்தோம். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கதிர்க்குருவியை அளந்து, எடை பார்த்து, வளையம் மாட்டிப் பறக்க விட்டேன். சைக்கிளை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருவர் பெருமூச்சு விட்டார்.

"இம்புட்டுப் பாடுபட்டுப் பிடிச்சு, விட்டுட்டியளே! வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாவளா?"

போன வருஷத்து விருந்தாளி

அடுத்து வலையில் விழுந்தது, காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் இரட்டை விசில் அடிக்கிற ஆறுமணிக் குருவி. பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, காலில் ஏற்கெனவே ஒரு வளையம். போன வருஷம் இதே தோப்பில் நாங்கள் மாட்டியது! இமயமலை அடிவாரம் வரை போய்விட்டு இங்கேயே திரும்பியிருக்கிறது. வளையத்து எண்ணை இரண்டு தரம் படித்தேன்.

பிடித்த பறவை மிரளாமல் இருக்கத் துணிப்பையில் போட்டுக் கிளையில் தொங்கவிடுவோம். அப்படித் தொங்கவிட்டு, மற்ற வலைகளைப் பார்த்துவிட்டு வந்தேன். எடை பார்க்கப் பையைத் திறந்த டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது.

"சார், இதுக்கு எடை வேண்டாம். இது புளிச்சோறு."

வரப்பில் ஓட்டம்

நடவுக்கு வந்த பெண்களும் அதே கிளையில்தான் சாப்பாட்டுப் பைகளை மாட்டியிருந்தார்கள். பக்கத்து வயலுக்கு மாறும்போது யாரோ தங்கள் பை என்று நினைத்து எங்கள் பையை எடுத்துப் போய்விட்டார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவ்வளவு தூரம் பறந்து வந்தது என் பையில் கிடந்து செத்தால் நான் என்ன செய்வேன்? புளிச்சோற்றுப் பையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் வழுக்கி வழுக்கி ஓடினேன்.

மோட்டார் ரூம் நிழலில் பேச்சியம்மாள் என்ற பெண் பையை மடியில் அழுத்தாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பை அசைந்ததாம், அதனால் வெயிலில் வைக்கவில்லையாம். திறந்தேன். குருவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு விரலில் நறுக்கென்று கொத்தியது. வலித்தது; சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பேச்சியம்மாள் கண் மட்டும் என் இன்னொரு கையில் இருந்தது.

"உங்க குருவி நல்லாத்தான் இருக்கு சார். என் சோறு நல்லாருக்கா?"

ஆறு மணி

எடைகூடப் பார்க்காமல் அங்கேயே விட்டுவிட்டேன். சாயங்காலம் வலையைச் சுருட்டும்போது புதருக்குள்ளிருந்து இரட்டை விசில் கேட்டது. அதே குருவிதானா என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. வேலை முடிந்து போய்க்கொண்டிருந்த பேச்சியம்மாள் நின்றார்.

"அவன் மணி தப்பாமச் சொல்லுதான். நீங்கதான் சார் இனிமே பையப் பாத்து வைக்கணும்."

எங்கிருந்தோ வரும் பறவைக்கெல்லாம் அடையாளம் மாட்டுகிற எங்களுக்கு, எங்கள் பைக்கும் ஒன்று மாட்ட வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.