தூரமோ?

"கொஞ்சம் பொறுங்கோ, இவவுக்கு இன்னும் சூடு வரயில்லை" என்று போட்டோக்கொப்பி மெஷினின் தலையில் இரண்டு தட்டுத் தட்டுகிறார் றோஸ் அக்கா. மெஷின் முனகிக்கொண்டு, நடுவில் கறுப்புக் கோடு விழுந்த ஒரு கடதாசியைத் துப்புகிறது. அதை அவர் கசக்கி எறிவதில்லை. பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது! கொண்டைக்குள் செருகியிருந்த பேனையை உருவி, நின்ற நிலையிலேயே தன் கதைக்கு நாலு வரி எழுதுகிறார்: செவ்வாய்க் கிரகத்தில் இன்றைக்கும் தண்ணி பவுசர் வரவில்லை. சனம் வாளிகளோடு வரிசையில் நிற்கிறது.

ஊருக்குள் திரிகிற புள்ளிமான்களில் ஒன்று வாசலில் வந்து கழுத்தை நீட்டும். திருப்தி தராத பக்கங்கள் அதற்குத்தான். "இதெண்டாலும் தின்னட்டும். பத்திரிகைக்காரர் தொட்டும் பாக்கமாட்டினம்" என்பார். மானும் குறை சொல்லாமல் மென்றுகொண்டு நிற்கும்.

திருகோணமலை உட்துறைமுக வீதியில், இறங்குதுறைக்குப் போகிற வழியில் இருக்கிறது அந்தச் சின்னக் கடை. அடையாள அட்டைக்குக் கொப்பி, பிறப்புச் சான்றிதழுக்கு லமினேட், கரையோரத்துப் பிள்ளைகளின் பாடசாலை வேலைகள், எல்லாம் அங்கேதான். றோஸ் அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பின்னேரமானால் கணுக்கால் இரண்டும் வீங்கிவிடும். ஆனாலும் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கடையிலுள்ள ஒரே கதிரையில் கடதாசிக் கட்டுகள்தான் ராசா மாதிரிக் குந்தியிருக்கும். "இருந்தா பிறகு எழும்ப ஏலாது, அதுதான் இருக்கிறேல்லை" என்பது அவர் சொல்கிற நியாயம்.

அவர் எழுதுவதெல்லாம் விஞ்ஞானக் கதைகள். பறக்கும் வாகனங்கள் வரும், ஆனால் பாதி பழுதாகிக் கிடக்கும். ரோபோக்களுக்கு மூட்டுவலி இருக்கும். விண்வெளி நிலையத்தின் கந்தோரில் அலுவலர் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார். ஏன் இப்படி என்று யாராவது கேட்டால், "நான் களைச்சுப்போய் நிண்டு எழுதிறனான். ரொக்கெட் மட்டும் எப்பிடி உசாரா ஓடும்?" என்று திருப்பிக் கேட்பார். அந்தக் களைப்புக்காகவே அவரைத் தேடிப் படிக்கிறவர்கள் கொஞ்சப் பேர் உண்டு.

அவர்களில் ஒருவர் கட்டைபறிச்சான் ஊரைச் சேர்ந்த ரஜீவன். இருந்த வங்கி வேலையையும் விட்டுவிட்டு, நாலு கூட்டாளிகளோடு சேர்ந்து வீடியோ கேம் செய்கிற மனிதர். விளையாடுகிறவர் ஒரு பயணியாக வேடமெடுத்து, ஊர் ஊராக அலைந்து, எதிர்ப்படுகிறவர்களோடு கதைத்து, வழி கண்டுபிடிக்கவேண்டும். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது றோஸ் அக்காவின் கதை ஒன்றை. சனிக்கோளின் வளையத்தில் ஒரு இறங்குதுறை. அங்கே ஓர் இரும்புக் கிழவி காவல். அங்கிருந்து கலம் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் அவள் "தூரமோ?" என்று மட்டும் கேட்பாள்.

கேமில் வளையம் தீவுக்கூட்டமாகிவிட்டது. கலங்கள் பாய்த்தோணிகள் ஆகின. கிழவி, விளக்கேந்திய சூனியக்காரி ஆனாள். "அவவின்ர கையில ஒரு வாளையும் குடுத்துப்போட்டாங்கள். சனிக்கோளில வாள் என்னத்துக்கு, றால் உரிக்கவோ?" என்று றோஸ் அக்கா அலுத்துக்கொண்டாரே தவிர, உள்ளூர அவருக்குச் சந்தோசப் புழுகம்தான். லமினேட் பண்ண வந்தவர்களுக்கெல்லாம் சொல்லி முடித்தார்.

ஒரே ஒரு வரியில்தான் பிணக்கு வந்தது. சூனியக்காரி பயணியைப் பார்த்து, "எங்க போறாய்?" என்று கேட்கவேண்டும் என்றார் ரஜீவன். றோஸ் அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டார். புறப்படுகிறவரிடம் அப்படி யாராவது கேட்பார்களா? போகிற காரியம் உருப்படுமா? கடற்கரைப் பக்கத்தில் சொல்லவே வேண்டாம். அப்படி ஒரு கேள்வி காதில் விழுந்தால், வலையோடு இறங்கின மனிதர் திரும்பி வந்து, ஒரு மிடறு தண்ணி குடித்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் மறுபடி போவார். "தூரமோ?" என்று கேட்பதுதான் முறை. விருப்பமென்றால் அவர் சொல்லட்டும், இல்லையென்றால் விடட்டும்.

"அது எனக்குத் தெரியாதோ அக்கா? எங்கட அம்மாவும் கேக்கமாட்டா" என்றார் ரஜீவன். "ஆனா அந்தக் கேள்வி இல்லாட்டி கேம் நகராது. வேற கதைதான் பாக்கவேணும்."

"பாருங்கோ" என்றார் றோஸ் அக்கா. சொல்லிவிட்டாரே ஒழிய, அன்று முழுக்க ஒருவரோடும் முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. தன் கதை ஒன்று கடதாசியை விட்டு எழும்பி நடக்கப்போகிறது என்று அவ்வளவு ஆசைப்பட்டிருந்தார்.

அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று ரஜீவனுக்குத் தெரியாது. அவுஸ்திரேலியாவுக்கென்று வள்ளங்கள் களவாகப் போன அந்த வருசம், ஒரு பின்னேரம், றோஸ் அக்கா குசினியில் சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தம்பி அஞ்சலோ புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு, தோளில் ஒரு பையோடு முற்றத்தில் இறங்கினான். பையைக் கண்டார். சேட்டையும் கண்டார். ஆனாலும் பழக்கம் வாயைக் கட்டிவிட்டது.

"தூரமோ?"

"ஓம் அக்கா, கொஞ்சம் தூரம்தான்."

"சரி, கவனமாப் போட்டு வா."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. எந்த வள்ளம், எந்தக் கரை, ஒன்றும் தெரியாது. பொலிஸிலும் சரி, ஏறி இறங்கிய கந்தோர்களிலும் சரி, எடுத்த எடுப்பில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எங்க போறன் எண்டு சொன்னவர்?" றோஸ் அக்கா கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு சொல் கேட்டிருக்கலாமே, பாவி நான், ஒரு சொல்!

போன கிழமை, மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு மத்தியானம், ரஜீவன் லப்டொப்போடு கடைக்கு வந்தார். "கடைசியா ஒருக்காப் பாருங்கோ. உங்கட வரிதான் போட்டிருக்கு" என்று மேசையில் திறந்து வைத்தார். துறையில் பயணி வந்து நின்றான். சூனியக்காரி விளக்கைத் தூக்கினாள். "தூரமோ?" ரஜீவன் "ஓம்" என்பதை அமத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. அலை அடித்தது, தோணி ஆடியது, பயணி நின்றுகொண்டிருந்தான்.

"இப்பிடியேதான் நிப்பார் அக்கா. எங்கயெண்டு கேட்டாத்தான் வரைபடம் திறக்கும். அதுவரைக்கும் போகவும் ஏலாது, திரும்பி வரவும் ஏலாது."

றோஸ் அக்கா அந்தச் சின்ன உருவத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் மெஷின் சூடாகி, பச்சை வெளிச்சம் காட்டிற்று. அவர் திரும்பவில்லை.

"மாத்துங்கோ, தம்பி" என்றார். "அவ கேக்கட்டும்."

ரஜீவன் நம்பாமல் ஒருமுறை அவரைப் பார்த்துவிட்டு, வரியை மாற்றினார். "பயணிக்கு ஒரு பேர் வைச்சு, நீங்களே தொடங்குங்கோ" என்று லப்டொப்பைத் தள்ளினார். றோஸ் அக்கா ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்தினார்: அஞ்சலோ.

விளக்கு உயர்ந்தது. "எங்க போறாய்?"

வரைபடம் விரிந்தது. இருட்டுக் கடலில் தீவுகள் ஒவ்வொன்றாக வெளித்தன.

"ஏதாவது ஒண்டை அமத்துங்கோ அக்கா, போயிடுவார்."

"நான் அமத்தக் கூடாது. அவன் சொல்லட்டும்."

வாசலில் யாரோ குடையை மடக்கிக்கொண்டு, "அக்கா, அடையாள அட்டைக்கு ஒரு கொப்பி" என்றார்கள்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லி, றோஸ் அக்கா கதிரையிலிருந்த கடதாசிக் கட்டுகளை ஒவ்வொன்றாக நிலத்தில் இறக்கி வைத்தார். பிறகு கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, அதில் இருந்தார்.