அண்ணனுக்கு எடுத்த சட்டை

"நீ எத்தினி டிகிரி வாங்குனாலும் ஆம்பளைக்கு ஒரு சட்டை எடுக்க உனக்கு வராதுடி."

என் முதல் சம்பளத்தில் அண்ணனின் பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்த சட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அவன் சொன்னது இது. மெரூன் நிறம், பெரிய பெரிய கட்டம். காலரை விரலால் நிமிர்த்தினான். விட்டதும் அது படுத்துக்கொண்டது. "இத்தப் போட்டுனு தெருவுல போனா எல்லாரும் எழுந்து நின்னு குட் மார்னிங் சார்னுவாங்க" என்றான். கொஞ்ச நாளில் அந்தச் சட்டை அப்பாவோடு கரும்புக் கொல்லைக்குப் போகத் தொடங்கியது.

எனக்கு அந்தப் பேச்சு ஆறவே இல்லை. எங்கள் வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும், அம்மாவுக்கு அதுவும் வராது. அண்ணன் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு தேய்த்த நாட்களைவிட வெளியே நின்ற நாட்கள் அதிகம். நான் பட்டம் வாங்கி வில்லியனூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஊரார் கணக்கில் எங்கே இடிக்கிறது என்று சொல்லத் தெரிந்தவளுக்கு ஒரு சட்டை எடுக்கத் தெரியாதா?

அடுத்த பிறந்தநாளுக்குக் கைக்கடிகாரம் வாங்கினேன். "டயல் பெருசா இருக்கு, வூட்டுச் செவுத்துல மாட்டு" என்றான். அதற்கடுத்து சென்ட். "கல்யாண மண்டபத்துல வாசல்ல தெளிப்பாங்களே, அதா?" என்றான்.

அவனுக்கு வாங்குவது லேசான வேலை இல்லை. ஏம்பலம் பக்கம் நெல்லும் கரும்புமாக இருக்கிற ஊரில் பிறந்து, திருபுவனை கம்பெனிக்கு ஷிஃப்டுக்குப் போய்வருகிறவன், தன் சட்டையைத் தானே இஸ்திரி போடுவான். அம்மாவைத் தொடவிட மாட்டான். சட்டைக் கையை முழங்கைக்குக் கீழே மடித்துவிட்டால் ஒவ்வொரு மடிப்பும் ஒரே அகலத்தில் இருக்கும். பெல்ட்டும் ஷூவும் ஒரே நிறம். அவன் பிறந்தநாளுக்குக் கூட்டாளிகள் ஊர் முனையில் பேனர் வைப்பார்கள். ஒரு வருஷம் காலர் மடங்கியிருந்த போட்டோவைப் போட்டுவிட்டார்கள் என்று இவனே ஏறிக் கழற்றிவந்துவிட்டான். அந்தப் பேனர் இன்னும் எங்கள் மாட்டுக்கொட்டகைக் கூரையில் மழையைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. கீழே நின்றால் அவன் கூலிங் கிளாஸ் மட்டும் தெரியும்.

போன மழைக்காலத்தில் ஷிஃப்டு முடிந்து வரும்போது நாய் குறுக்கே பாய்ந்து வண்டியோடு விழுந்தான். வலது கையில் ஆபரேஷன். ஆறிய பிறகு பார்த்தால் கை பழையபடிதான் இருந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் ஒன்றையொன்று தொடாது. வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியிலும் பாரம் இல்லாத வேறு வேலை கொடுத்தார்கள். ஆனால் வண்டி உறைபோட்டபடி நின்றது. கம்பெனி பஸ்ஸில் கம்பெனி டி-ஷர்ட்டோடு போவான், வந்து படுத்துக்கொள்வான். கூட்டாளிகள் வாசலில் நின்று, "யம்மா, மச்சான் இருக்கானா?" என்பார்கள். அம்மா உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தூங்கறான்பா" என்பாள்.

"இந்த வருஷம் பேனர் கீனர்னு எவனாவது வந்தா வெட்டிடுவன்" என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

மனசு விட்டுப்போச்சு, புள்ளைக்கு எதிலயும் நாட்டம் இல்ல என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், பெரியப்பா மகளின் கல்யாண ரிசப்ஷன் வரைக்கும்.

அன்று நாங்கள் எல்லோரும் கிளம்பி வேனில் ஏறப்போகிறோம். அண்ணன் அறையைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தான். அப்பா இரண்டு முறை கதவைத் தட்டினார். வெகுநேரம் கழித்து டி-ஷர்ட்டோடு வெளியே வந்தான். முகமெல்லாம் வியர்வை. "நான் வரல, நீங்க போங்க" என்றான். கைப்பையை எடுக்க நான் அறைக்குள் போனேன். கட்டிலில் அவனுடைய வெள்ளைச் சட்டை கிடந்தது. மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டிருந்தான். கீழ் இரண்டு பட்டன் மட்டும் பூட்டியிருந்தது. மேலே ஒரு பட்டன் நூலோடு பிய்ந்து தொங்கியது.

ரிசப்ஷனில் நான் என்ன சாப்பிட்டேன் என்று எனக்கு நினைவில்லை.

மறுநாள் ஞாயிறு. வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அப்பாவின் சட்டையை மாட்டிக்கொண்டு, வலது கட்டை விரலை உள்ளங்கையில் மடக்கி, பட்டன் போட்டுப் பார்த்தேன். கீழ் இரண்டும் வயிற்றில் அழுத்திக்கொண்டு எப்படியோ நுழைந்தன. மூன்றாவது நழுவிக்கொண்டே இருந்தது. மேலே போகப்போகக் கண்ணுக்கும் தெரியவில்லை. கழுத்து வேர்த்தது. எனக்கே சட்டையைக் கிழித்தெறியலாம் போல வந்தது. அவனுக்கு நாட்டம் போகவில்லை, சட்டை போட முடியவில்லை. போட்டுவிடச் சொல்லி யாரையும் கேட்கவும் மாட்டான்.

இதைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்வது? "நான் போட்டுவிடட்டுமாண்ணா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், அத்தோடு என்னிடம் பேசுவதையும் நிறுத்திவிடுவான். பிறந்தநாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆபீஸில் உட்கார முடியவில்லை. என் கால் ஆடுவதில் மேசை ஆடுகிறது என்று பக்கத்து சீட்டு அக்கா திட்டினார். அவரிடம் மட்டும் சொன்னேன்.

"ஜிப்பா எடுத்துக் குடேன்மா. தல வழியா மாட்டிக்கலாம்."

"ஜிப்பா போட்டா அவன் தேர்தல்லதான் நிக்கணும்கா."

"அப்ப காலர் வெச்ச டி-ஷர்ட்டு?"

அதுவும் ஒப்பவில்லை. அவன் கைவிட்டதை நானும் கைவிட்ட மாதிரி ஆகிவிடும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடை கடையாக ஏறி இறங்கினேன். போனில் பார்த்த ஸ்மார்ட் வாட்ச்சுகள் கண்ணுக்குள் சுற்றின. எது வாங்கினாலும் அந்தத் தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு வெளியேதான் நிற்கும் என்று தோன்றியது.

ஒருநாள் வில்லியனூரிலிருந்து வரும் பஸ்ஸில் எதிர் சீட்டில் ஒரு பெண், ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதற்குச் சட்டை மாட்டினாள். டப், டப், டப் என்று அமுக்கினாள். அவ்வளவுதான். பிரஸ் பட்டன். நான் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நடந்து திரும்பினேன்.

முதலில் அந்த வெள்ளைச் சட்டையையே மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவன் எடுத்த சட்டையில் அவன் குறை சொல்ல முடியாதே. காரணம் சொல்லாமல் கேட்டதற்கு அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "பொறந்த நாளுக்குப் பழைய துணியா? மஞ்ச தடவி புதுத்துணி குடுக்காம? நல்லா இருக்குதுடி உன் படிப்பு." ஆக, நானேதான் சட்டை எடுத்தாக வேண்டும். எனக்கு வராது என்று அவன் சொன்ன அதே வேலை. அதுவும் கத்திரி வைத்த பிறகு கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்ளாத சட்டை.

சாம்பல் கலந்த நீலம் எடுத்தேன். கோடு இல்லை, கட்டம் இல்லை. கடையில் இருந்த சட்டைகளின் காலரையெல்லாம் விரலால் நிமிர்த்தி, விட்டு, படுத்துக்கொள்கிறதா என்று பார்த்தேன். கடைப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

வில்லியனூரிலேயே ஒரு டெய்லரிடம் கொண்டுபோனேன்.

"நல்ல சட்டைய எதுக்கும்மா கெடுக்கற?"

"மேல பட்டன் அப்பிடியே தெரியணும். உள்ள பிரஸ் பட்டன் வெக்கணும். கைப்பட்டிக்கும்தான். பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியக் கூடாது."

"இன்னா, நாடகத்துக்கா?"

"எங்க அண்ணனுக்கு."

"அப்ப அவர வரச் சொல்லு. போட்டுப் பாத்தாத்தான் பட்டி நேரா நிக்கும்."

"அவரு வர மாட்டாரு" என்றேன். அதைச் சொல்ல எனக்கே பிடிக்கவில்லை.

பிறந்தநாள் காலையில் அம்மா காலருக்குள் மஞ்சள் தடவிச் சட்டையைக் கொடுத்தாள். அப்பா டீ கிளாஸோடு நின்றார். அண்ணன் வழக்கம்போல முதலில் காலரை நிமிர்த்தினான். அது நின்றது. பிறகு பட்டன் பட்டியைப் புரட்டினான். கை அப்படியே நின்றுவிட்டது.

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலண்ணா."

"நான் கேட்டனா உன்ன?"

சட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டான். அப்பா டீயைக் குடிக்கவில்லை. அம்மா என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். வாசலுக்கும் அடுப்படிக்குமாக நான் நடந்தேன்.

டப்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு டப், டப். அம்மாவுக்கு என்ன சத்தம் என்று புரியவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே வந்து நேராகக் கண்ணாடி முன் போனான். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தான். "பட்டி கோணிக்கினு இருக்குடி. இங்க பாரு, நடுவுல தூக்கினு நிக்குது. எவன் தைச்சான் இத்த?"

"கலரு?"

"கலரு பரவால்ல."

அன்று சாயந்திரம் கூட்டாளிகள் கேக்கோடு வந்தபோது அம்மா 'தூங்கறான்' என்று சொல்லவேண்டி வரவில்லை. ஆனால் அவன் வாசல்படியைத் தாண்டவும் இல்லை. அங்கேயே நின்று கேக் வெட்டினான். மறுநாள் பழையபடி டி-ஷர்ட்டு. வண்டிமேல் உறையும் அப்படியே. எனக்குத் திரும்பவும் இருப்புக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் கழித்து, போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "மத்த சட்டைங்கள அந்தாளாண்ட குடுத்துத் தொலைக்காத."

"அப்ப யாராண்ட குடுக்கறது?"

"பாகூர்ல ஒருத்தரு இருக்காரு. அவரு தைச்சா பட்டி நேரா இருக்கும். ஆனா ஆள நேர்ல பாக்காம கத்திரிய எடுக்க மாட்டாரு." சொல்லிவிட்டுப் போனுக்குள் போய்விட்டான்.

நேற்று ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு அவனுடைய வெள்ளைச் சட்டையையும் இன்னும் சிலவற்றையும் பையில் போட்டுக்கொண்டு பாகூருக்குப் பஸ் ஏறினேன். அந்த டெய்லர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சட்டக்காரரு எங்கம்மா?"

"ஞாயித்துக்கெழம காலைல வராரு. அவரே வண்டி ஓட்டினு வருவாரு" என்று சொல்லிவிட்டேன்.

அண்ணனிடம் இன்னும் பேசவில்லை. டெய்லர் 'ஞாயிறு காலை' என்று எழுதிக் கொடுத்த ரசீதை, வண்டிச் சாவி மாட்டியிருக்கும் ஆணியில் சாவிக்கு மேலே குத்திவைத்திருக்கிறேன்.