அத்தான் மிதித்த பிரேக்

அவனை எல்லோரும் டெஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டிகளுக்கு ஒயரிங் பார்ப்பவன். காதிடுக்கில் டெஸ்டர் இல்லாமல் அவனை அவன் பெண்டாட்டியே பார்த்ததில்லை. ஒயரில் கை வைத்தால் கோளாறைப் பிடிக்காமல் விடமாட்டான் என்று தெருவே சொல்லும். அவனும் அதை மறுத்ததில்லை. புகழ்ச்சி யாருக்குக் கசக்கும்?

அவன் அக்கா வீட்டுக்காரர் மருத்துவமனைகளுக்குச் சலவைத் துணி கொண்டுபோகும் பழைய வேன் ஒன்றை ஓட்டிவந்தார். நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே போனால் முழங்கால் வீங்கிவிடும். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் டெஸ்டர், கடையில் தனியாக விற்கும் க்ரூஸ் கன்ட்ரோலை வாங்கி அதில் பொருத்தினான். பட்டனை அமுக்கினால் வண்டி அதே வேகத்தில் ஓடும், காலை எடுத்துவிடலாம். பிரேக்கைத் தொட்டால் பிடியை விட்டுவிடும். அத்தான் ஒரு வாரம் போகிற இடமெல்லாம் மச்சினன் புராணம் பாடினார்.

அதோடு விட்டிருக்கலாம். டெஸ்டருக்குக் கை சும்மா இருக்காது. பிரேக் விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றினான். மறுநாளே க்ரூஸ் படுத்துவிட்டது. காரணம் அரை மணி நேரத்தில் பிடிபட்டது. பிரேக் மிதிக்காதபோது, க்ரூஸ் பெட்டிக்குப் பழைய பல்பின் இழை வழியாக எர்த் கிடைத்துக்கொண்டிருந்தது; பிரேக்கில் கால் இல்லை என்று அதற்குத் தெரிவது அப்படித்தான். எல்.இ.டி. அந்த எர்த்தைக் கொடுக்கவில்லை.

சந்தேகம் தீர, பெட்டிக்குப் போகும் பிரேக் ஒயரை வெட்டி, எர்த்துக்காக நேரே வண்டியின் பாடியில் முறுக்கி, டேப் சுற்றி, ஒரு சுற்று ஓட்டினான். க்ரூஸ் பிடித்தது. பட்டனிலேயே அணைத்துவிட்டுத் திரும்பினான். சோதனைக்குச் செய்த முறுக்கு அது; வந்ததும் பிரித்திருக்க வேண்டும். வாசலில் ஒரு வாடிக்கையாளர் ஹாரன் அடித்தார். கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு மூடியை மாட்டிவிட்டு எழுந்து போனவன், அதை அடியோடு மறந்துபோனான். இனி அத்தான் பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் அந்தப் பெட்டிக்குத் தெரியப் போவதில்லை.

அடுத்த நாள் க்ரூஸ் போட்டு வந்த அத்தான், ரவுண்டானாவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தார். வேன் அடங்காமல் திமிறிக்கொண்டு போய் நடுத்திட்டில் மோதியது. தோள் எலும்பு முறிந்தது. மிதித்தேன், வண்டி கேட்கவில்லை என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. பதற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்திருப்பார் என்றாள் அக்கா. கட்டிலருகே நின்ற டெஸ்டரும் தன் பங்குக்கு வாயை விட்டான்.

"வயசாகுதுல்ல அத்தான்."

வேனைக் கட்டி இழுத்து அவன் பட்டறைக்கே கொண்டுவந்தார்கள். மூடியைக் கழற்றினான். தான் சுற்றிய டேப் கண்ணில் பட்டதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

பிறகு ஒயரைப் பழையபடி சேர்த்துப் பற்றவைத்தான். ஒரு பக்கம் பழைய பல்பையே மாட்டினான். சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி ஓடவிட்டுப் பிரேக்கை லேசாகத் தொட்டான். க்ரூஸ் உடனே விட்டுவிட்டது. எல்லாமாகச் சேர்த்துப் பத்து நிமிட வேலை. இனி யார் திறந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியாது என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நாலு நாள் வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் அத்தான் கூப்பிட்டனுப்பினார். கழுத்தில் தொங்கிய கட்டோடு உட்கார்ந்திருந்தவர், வேன் சாவியை அவன் கையில் வைத்தார்.

"வித்துடு மாப்ள. மிதிச்சேன்னுதான் நெனச்சேன். நீங்க எல்லாரும் சொல்றதப் பாத்தா, என் காலையே என்னால நம்ப முடியல."

டெஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு சொல்லத் தொடங்கினான். பல்பு, எர்த், முறுக்கு, மறதி, மறைத்த நாலு நாள் என்று ஒன்றையும் விடவில்லை.

"அப்ப நான் பிரேக்கதான் மிதிச்சேனா?"

"ஆமா அத்தான். சரியாத்தான் மிதிச்சீங்க."

திட்டுவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று காத்திருந்தான். அடித்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அத்தான் நல்ல கையை நீட்டிச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவன் முகத்தைப் பார்க்கவேயில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி அக்காவைக் கூப்பிட்டார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"அவகிட்டயும் சொல்லு," என்றார். "மொதல்லேருந்து."